உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடம்

கடலோர ஊரில் நல்ல மீன் கிடைக்காது. இதைப் புகாராகச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் காற்று அடிக்கும் என்பதைப் போல ஒரு தகவலாகச் சொல்கிறேன். எங்கள் தீவில் பிடிபடும் மீன் வெயில் ஏறுவதற்குள் ஐஸ் பெட்டியில் அடங்கி, பாலத்தைத் தாண்டி, பால்டிமோருக்கும் நியூயார்க்குக்கும் போய்விடும். அதே பாலத்தில் எதிர்த்திசையில் உறைந்த இறால் மூட்டைகள் வரும். இரண்டு லாரிகளும் நடுப்பாலத்தில் ஒன்றையொன்று கடக்கும்போது ஓட்டுநர்கள் கையசைத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். அது என் கற்பனையாகவும் இருக்கலாம். வாக்குமூலத்தில் அதை விட்டுவிடுங்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் ரோவீனா கேஸ்கில். ரோ என்று கூப்பிடுவார்கள். விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடும் அலுவலகத்தில் சாவி கொடுக்கும் மேசை என்னுடையது. எங்கள் தீவில் எல்லா வீடுகளும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாடகை. காலையில் பழைய கூட்டம் காலி செய்யும், மாலையில் புதுக் கூட்டம் குடியேறும். பாலம் ஒன்றே ஒன்று. நீங்கள் இந்த மாவட்டத்துக்காரர் என்பதால் சனிக்கிழமைப் பால நெரிசலைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை.

சாவியை வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். கடல் எங்கே என்று கேட்கமாட்டார்கள். மேசையில் முழங்கையை ஊன்றி, ரகசியம் கேட்பவர்களைப் போலக் குரலைத் தாழ்த்தி, "உள்ளூர்க்காரங்க எங்க சாப்பிடுவீங்க?" என்பார்கள்.

உண்மையான பதில், வீட்டில். இல்லையென்றால் பெட்ரோல் பங்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கும் பொரித்த கோழி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் சொன்னேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் கேட்டார்கள்.

என் பக்கத்தில் குறை இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் தீவின் வட முனையிலிருந்து தொடங்கி, தெற்கே கலங்கரை விளக்கம் வரை, ஒரு கடை விடாமல் சாப்பிட்டுப் பார்த்தேன். ஒப்பிடுவதற்கு வசதியாக எல்லாக் கடையிலும் ஒரே பண்டம்: பொரித்த மீன், முட்டைக்கோஸ் கலவை, சோளமாவு உருண்டை. எங்கும் ஒரே ருசி. ருசி என்பதே தவறான சொல். ஒரே சூடு என்று சொல்லலாம். என் நாக்கில்தான் கோளாறோ என்று சந்தேகம் வந்து, தெற்கிலிருந்து வடக்காக மறுபடியும் போனேன். நாக்கில் கோளாறு இல்லை. அந்தச் சுற்றில் ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். கூரையில் வலை தொங்கினால் தட்டில் மீன் இருக்காது.

'ஒற்றைக்கண் கேப்டன்' கடையில் வலை, துடுப்பு, நண்டுக்கூடு, வாசலில் ஆளுயரப் பிளாஸ்டிக் கொள்ளைக்காரன், எல்லாம் உண்டு. சாப்பிட உட்காருகிறவர்களின் கழுத்தில் நண்டுப் படம் போட்ட பிளாஸ்டிக் துணியைக் கட்டுவார்கள். வங்கி மேலாளர்களும் பல் மருத்துவர்களும் மறுப்புச் சொல்லாமல் கழுத்தை நீட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளி நாட்களில் இரண்டு கோடை அந்தச் சமையலறையில் பொரித்தேன். ஒரே எண்ணெய்த் தொட்டி. இறால், மீன், கோழி, உருளைக்கிழங்கு எல்லாம் அதில்தான் குளிக்கும். உள்ளூர்க்காரன் எவனும் அந்தப் படியை மிதிக்கமாட்டான்.

ஆகவே கேட்டவர்களை எல்லாம் அங்கே அனுப்பினேன்.

அடுத்த மேசை ஷெர்ரிலுக்கு அது வேடிக்கை. "இந்தக் குடும்பத்தையும் கேப்டன்கிட்ட தள்ளிட்டியா? பாவம்டி, குழந்தைங்க இருக்கு," என்பாள்.

"குழந்தைங்களுக்கு அங்க கிரேயான் கொடுப்பாங்க. அதையாவது திங்கலாம்," என்பேன்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் மிட்டாய்ப் பெட்டியோடு வந்து நன்றி சொன்னார்கள். "நீ சொன்னது சரி. கடை முழுக்க உள்ளூர்க்காரங்கதான்," என்றார் ஒருவர். அந்தக் கடை முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் நான் அனுப்பிய மற்றவர்கள். ஒருவரையொருவர் பார்த்து, உள்ளூர்க்காரர் என்று நினைத்துக்கொண்டு, மகிழ்ச்சியாகத் தின்றிருக்கிறார்கள். அன்று முதல் அவர்களைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவர்களுக்கு நாக்கு, உதட்டில் ஒட்டிய உப்பை நக்குவதற்கு மட்டும்தான்.

இப்போது டெலானைப் பற்றி. தீவின் உட்பக்கம், படகு பழுதுபார்க்கும் கொட்டகைக்குப் பின்னால், மூன்று வருடம் முன்பு ஒரு சின்னக் கடை போட்டான். பெயர்ப்பலகை இல்லை. அன்று படகில் என்ன வந்ததோ அதைக் கரும்பலகையில் எழுதுவான். தெளிந்த சாற்றில் மட்டி வேகவைத்து, அதில் சோளமாவை உருட்டிப் போடுவான். கெளுத்தி போல மீசை வைத்த பெரிய மீனை உருளைக்கிழங்கோடு வேகவைத்து, மேலே பன்றிக் கொழுப்பின் முறுகலை உதிர்ப்பான். சின்ன மீனைத் தலையோடு சட்டியில் சுட்டு அப்படியே தட்டில் வைப்பான். எண்ணெய்த் தொட்டியே கிடையாது. ஜன்னலோரம் ஒரு மேசை எனக்கு. வேலை முடிந்து போவேன். பேசமாட்டோம். சட்டி சத்தம், கொட்டகையில் கயிறு உரசும் சத்தம், அவ்வளவுதான். இந்தத் தீவில் நான் உட்கார விரும்பிய ஒரே நாற்காலி அது.

போன கோடையில், தூண்டில் புழு விற்கும் கடையைத் தேடி வழி தவறிய தம்பதியர் உள்ளே வந்தார்கள். கிரெக் ஹாலோரன், அவர் மனைவி பாம். ஒஹாயோ. எங்கள் வீடுகளில் ஒன்றில்தான் வருடா வருடம் தங்குகிறார்கள். நான் என் ஜன்னலோர மேசையில் இருந்தேன். என்னை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. சாவி மேசைக்குப் பின்னால் இல்லாவிட்டால் எனக்கு முகமே கிடையாது.

கிரெக் மீனுக்குத் தொட்டுக்கொள்ள டார்ட்டார் சாஸ் கேட்டார். இல்லை என்றான் டெலான். தலையில்லாத மீன் கேட்டார். "மீனுக்குத் தலை இருக்கும் சார்," என்றான். ஊருக்குத் திரும்பியதும் கிரெக் இணையத்தில் எழுதினார். ஒரு நட்சத்திரம். 'மீன், மீன் நாற்றம் அடித்தது. சாப்பிடும்வரை என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர்கூட இல்லை.' கடைசி வரியை நான் பலமுறை படித்தேன்.

அக்டோபரில் டெலான் கடையை மூடினான். இப்போது பாலத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில், பெட்டியில் உறைந்து வரும் ஃபிஷ் ஃபிங்கர் துண்டுகளை அடுப்பில் சூடாக்குகிறான். அதையும் அவன் கவனமாகச் செய்வான் என்று நினைக்கும்போதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

போன சனிக்கிழமை மாலை ஹாலோரன் தம்பதியர் சாவி வாங்க வந்தார்கள்.

"கண்ணு, இந்த ஊர்ல ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை இல்லையே," என்றார் கிரெக். "வருஷா வருஷம் வர்றோம், வருஷா வருஷம் பட்டினி."

நான் அவர் வயிற்றைப் பார்த்தேன். பட்டினியின் அடையாளம் ஏதும் தென்படவில்லை.

"போன வருஷம் படகுக் கொட்டகைக்குப் பின்னால ஒண்ணு இருந்துச்சே, செல்லம்," என்றாள் பாம். "தலையோட மீன் கொடுத்தாங்க. நான் இவருதையும் சேத்துச் சாப்பிட்டேன். அதுக்காகவே இந்த வருஷம் வந்தேன்."

"அத மூடிட்டாங்க மேடம்."

"அடப்பாவமே. ஏன்?"

"மூடாம என்ன செய்வான்," என்றார் கிரெக். "நான் அப்பவே எழுதினேனே. அந்த மீன் என்னையே முறைச்சிச்சு."

"அதுக்கும் உங்களப் பிடிக்கலபோல," என்றாள் பாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைக் குறிப்பிட விரும்புகிறேன். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

"சரி கண்ணு, உண்மையச் சொல்லு. உள்ளூர்க்காரங்க எங்க சாப்பிடுவீங்க?"

"ஒற்றைக்கண் கேப்டன்," என்றேன். வழக்கமான பதில். அதுவரை மனதில் வேறு எதுவும் இல்லை. இருந்ததாக நினைத்தால் நீங்கள் அப்படி எழுதிக்கொள்ளலாம். என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பாம் தயங்கினாள். "அங்க இறால் பொரிப்பாங்கல்ல? எனக்கு இறால் ஆகாது செல்லம். அலர்ஜி. அது பொரிச்ச எண்ணெய் பட்டாக்கூடத் தொண்டை அடைச்சிரும்."

"கல்யாணமான புதுசுல ஒரு தடவை செத்துப் பொழைச்சா," என்றார் கிரெக். அதைச் சொல்லும்போது அவர் கை அவள் முதுகில் இருந்தது. அப்போதுதான், அவருக்கும் ருசி தெரிந்த ஒன்று இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பயப்படாதீங்க மேடம். இறாலுக்கு ஒரு தொட்டி, கோழிக்கும் உருளைக்கிழங்குக்கும் வேற தொட்டி. நான் ரெண்டு கோடை அங்க வேலை பாத்திருக்கேன்." கடைசி வாக்கியம் உண்மை. பாதி உண்மையாக இருந்தால் மீதிப் பாதியை ஜனங்கள் தாங்களே நம்பிக்கொள்வார்கள்.

"அலர்ஜின்னு மட்டும் அங்க சொல்லாதீங்க," என்றேன். "பயந்துபோய் வெறும் இலைதழையக் கொண்டாந்து வெச்சிருவாங்க. கோழியும் உருளைக்கிழங்கும்னு கேளுங்க, போதும்."

"நீ தங்கம்டி," என்றாள் பாம்.

"இன்னிக்கே போயிருங்க. சனிக்கிழமைதான் உள்ளூர்க்காரங்க வருவாங்க."

அவர்கள் போன பின் மற்றவர்களுக்குச் சாவி கொடுத்தேன். யாருக்கும் தவறான சாவி கொடுக்கவில்லை. ஷெர்ரில் காதில் எதுவும் விழவில்லை, அவளை இதில் இழுக்காதீர்கள். வேலை முடிந்து பெட்ரோல் பங்கில் கோழித் துண்டு வாங்கி, வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடி தின்றேன். சைரன் கேட்டது. எங்கள் தீவில் ஆம்புலன்ஸ் உண்டு, மருத்துவமனை பாலத்துக்கு அப்பால். சைரன் என்றால் நெருங்கும், பிறகு விலகும். இது நகரவில்லை. பாலத்தின் பக்கம் ஒரே இடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. புதுக் கூட்டமும் தாமதமாகக் கிளம்பிய பழைய கூட்டமும் கார் கூரையில் சைக்கிளும் மிதவையும் கட்டிக்கொண்டு இரண்டு தடத்திலும் நின்றிருந்திருக்கும். ஒதுங்கப் பாலத்தில் இடமில்லை. அலர்ஜிக்கென்று கையில் வைத்திருந்த ஊசியைப் பாம் கடையிலேயே போட்டுக்கொண்டாளாம். அது பாலத்தின் பாதி வரை அவளைக் கொண்டுபோயிருக்கிறது.

அவள் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்டீர்கள். நினைத்தேன். எதிர்பாராத விபத்து என்று சொல்லச் சொல்லி என் வழக்கறிஞர் சொல்கிறார். நான் முறையாகச் செய்த ஒன்றை விபத்து என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒருவர் தன் ஊரில் உட்கார்ந்து ஒரு நட்சத்திரம் போடுகிறார். இங்கே ஒரு மனிதனின் அடுப்பு அணைகிறது. அதன் எடை கிரெக்குக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். வேறு மொழியில் சொன்னால் அவருக்குப் புரிந்திருக்காது. டெலானுக்காக யாராவது ஒருவர் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

நேற்று டெலானைப் பார்த்துப் பேசியதாகச் சொல்கிறீர்கள். அந்த நட்சத்திரத்தைப் பற்றி அவனுக்குத் தெரியவே தெரியாது என்றானாம். அவன் இணையம் பார்ப்பதில்லை. இருக்கலாம். ஆள் வராததால் மூடினேன் என்றானாம். ஒரு கோடை முழுக்க மேசைகளைத் துடைத்துத் துடைத்து, துடைப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் மூடினேன் என்று.

அவன் சொன்னதாக நீங்கள் சொல்லும் இன்னொன்றும் சரிதான். போன வருடம் ஒரு நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். வழக்கமாக உட்காரமாட்டான்.

"ரோ, உன் சாவி மேசையத் தாண்டித்தான் இந்தத் தீவே உள்ள வருது. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டுத்தான் இருக்கேன் டெலான்," என்றேன். "அதுங்களுக்குப் புரியணுமே."

"புரியாட்டிப் பரவாயில்ல. காசு கொடுத்தாப் போதும்," என்று சிரித்தான். பிறகு எனக்கு இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றினான்.

நான் எத்தனை பேரை அவனிடம் அனுப்பினேன் என்று கேட்கிறீர்கள். ஒருவரையும் அனுப்பவில்லை. குழந்தைகளோடு வருவார்கள், மேசைகளைச் சேர்த்துப் போடச் சொல்வார்கள், ஜன்னலோரம் உட்காருவார்கள். நீங்கள் அங்கே சாப்பிட்டதில்லை, அதனால் உங்களுக்கு விளங்காது. அந்தக் கடை காலியாக இருக்கும்போதுதான் நன்றாக இருந்தது.