வளையம் விழாத கறி

மின்சாரப் புகையடுப்பு வாங்கிய பிறகுதான், நாற்பது வருடமாக எவ்வளவு வீணாகப் பாடுபட்டிருக்கிறோம் என்று எனக்கு உறைத்தது. கறியை உள்ளே வை, ஒரு கைப்பிடி ஓக் மரச் சில்லுகளைத் தட்டில் போடு, சூட்டைத் திருகிவிட்டுக் கதவைச் சாத்து. அவ்வளவுதான் வேலை. கடைக்காரப் பெண் அதன் சௌகரியங்களை அடுக்கினாள். காவல் காக்க வேண்டாம், கண் எரியாது, உடுப்பில் புகை ஏறாது. மூட்டுவலிக்காரனுக்குத் தோதானது என்று சொல்லி வாங்கி வந்தேன். மூட்டுவலி பொய்யில்லை, டேல்.

இந்த எமில் கிரெனெக் மாட்டு நெஞ்சுக்கறி சுடுகிற சனிக்கிழமையில் தன் இரும்பு அடுப்பை விட்டு நகர மாட்டான் என்பது உனக்கு முன்னால் உன் அப்பா இந்த ஊர்ப் போலீஸ் ஷெரிஃபாக இருந்த காலத்திலிருந்தே ஊருக்குத் தெரியும். காலை ஐந்திலிருந்து மாலை ஐந்து வரை, அரை மணிக்கு ஒரு கட்டை போட்டாக வேண்டும். என் அண்ணன் செத்த செய்தியைக்கூட அடுப்படிக்கே வந்து சொன்னார்கள். அதனால்தான், அந்தச் சனிக்கிழமை முதியோர் விடுதி வாசலில் என் வண்டி நின்றதாக அங்கே சமைக்கிற பெண் சொன்னபோது நீயே சிரித்தாய்.

"கறி அடுப்புல இருக்கும்போது மிஸ்டர் எமில் செத்தாலும் நகர மாட்டாரு," என்று அவளிடம் சொன்னாயாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் மனைவி ரோசலி அன்று தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று விடுதியில் முடிவுகட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை அவளை அடக்கம் செய்துவிட்டு, அந்தச் சனிக்கிழமைக் கறியை மாதாகோவில் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். சுட்ட கறியை வீணாக்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நீ ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனாய், பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாய். விறகில் வெந்த கறியில் கருகிய மேல்தோலுக்குக் கீழே இளஞ்சிவப்பாக ஒரு வளையம் ஓடும். மின்சார அடுப்பில் அது விழாது. சின்ன வயதிலிருந்து என் கையால் தின்று வளர்ந்தவனல்லவா நீ.

"பஞ்சு மாதிரி வெந்திருக்கு, மிஸ்டர் எமில். ஆனா வளையத்தக் காணோமே," என்றாய். துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, "சனிக்கிழமை எங்க போயிருந்தீங்க?" என்றாய்.

மெதுவாகத்தான் கேட்டாய். அதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொரு வருடமும் நான் அடுப்படியிலிருந்து திரும்பும்போது ரோசலி கதவை மறித்துக்கொண்டு நிற்பாள். "உள்ள வராதீங்க. மொதல்ல போய்க் குளிங்க. ஆளு வர்றதுக்கு முன்னாடியே புகை வந்துருது." திட்டிவிட்டுச் சிரிப்பாள். நினைவு தப்பி அவளை விடுதியில் விட்ட பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, வாசனைத் தைலம் தடவி, இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். அவள் எழுந்து நின்று கை கொடுப்பாள். "ரொம்ப சந்தோஷங்க. யாரப் பாக்க வந்தீங்க?" என்று பாதிரியாரிடம் பேசுவதுபோலப் பேசுவாள். வண்டியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்படுவேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பக்கத்தில் ஓட்டோ வீகண்ட் என் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீவனக்கடை வைத்திருந்தானே, அவன்தான்; இப்போது அவனும் அதே விடுதியில்தான் இருக்கிறான். நான் அடுப்படியில் மாட்டிக்கொள்ளும் பழைய பழுப்புக் கோட்டு அது. வீட்டிலிருந்து விடுதிக்குப் போகும்போது ரோசலி எடுத்துப்போயிருக்கிறாள். அவன் தோளில் சாய்ந்து, அந்தக் கோட்டின் கையில் முகத்தை அழுத்திக்கொண்டு, "எமில், கட்ட போட்டீங்களா?" என்று கேட்டாள். அவனும் ஆமாம் என்று தலையாட்டினான். தாதியிடம் முறையிட்டேன். "அவங்க நிம்மதியா இருக்காங்க. விட்டுருங்க, மிஸ்டர் எமில்," என்றாள் அவள். என் பெயரை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு ஒருத்தி நிம்மதியாக இருக்கலாமா? அவளுக்கு நினைவிருந்தால் வெட்கத்திலேயே செத்திருப்பாள். அந்த வெட்கத்திலிருந்து அவளைக் காப்பாற்ற என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

ஆகவே சனிக்கிழமை மின்சார அடுப்பை இரும்பு அடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். மெல்லிய புகை எழும்பிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் இருப்பவர்களுக்கு அது போதும். பகல் சாப்பாட்டு நேரத்தில் விடுதி அறைகள் காலியாக இருந்தன. ரோசலி மட்டும் தலைவலி என்று படுத்திருந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து, எமில் வந்திருக்கிறேன் என்றேன்.

என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்து, கழுத்தோரம் முகர்ந்து பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டாள்.

"நீங்க எமில் இல்லீங்க," என்றாள். "எமில் வந்தா வாசல்லயே புகை வாசம் அடிக்கும். அந்தக் கோட்டுலகூட இப்ப கொஞ்சந்தான் மிச்சமிருக்கு. அத வச்சுத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

பிறகு தலையணையை எடுத்தேன். அவள் அதிகம் போராடவில்லை. அவளுக்கும் அது சம்மதமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வீடு திரும்பியபோது கறி தானாகவே பக்குவமாக வெந்திருந்தது. சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன், டேல். புகை இம்மிகூட ஏறியிருக்கவில்லை. அந்தக் கடைக்காரப் பெண் சொன்னது அத்தனையும் உண்மைதான்.