சாமிக்கு அட்வான்ஸ்

"...அதுக்கு இன்னா சொல்ற நீ? ஏத்து ஏத்துன்னா எங்கேர்ந்து ஏத்தறது? நூல் வெல ஏறுது. கரண்ட் பில்லு ஏறுது. எனுக்கு பீப்பி ஏறுது. இதுல கூலியும் ஏறணுமாம். எல்லாமே ஏறினா எறங்கறது யாரு? நான்தான!"

திருமலையில் மொட்டை போடும் கூடம். ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் சிட்டிபாபு. நகரியில் எட்டு பவர்லூம் தறி வைத்து லுங்கி நெய்கிறார். தலையைக் கத்திக்காரனிடம் கொடுத்துவிட்டார். வாயை மட்டும் கொடுக்கவில்லை.

கத்திக்காரன் பேசாத ஆள். டோக்கனை வாங்கினான். பிளேடைக் கத்தியில் மாட்டினான். இரண்டு விரலால் தலையை அழுத்திக் குனிய வைத்தான். அவன் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த இரண்டு விரலில் இருந்தது.

"நீ தெலுங்கா தம்பி? சர்லே, எனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எங்க ஊர்ல தமிழ்ல சண்டைய ஆரம்பிச்சி தெலுங்குல முடிப்பாங்கோ. நகரி பார்த்துகிறியா? எந்தத் தெருவுல போனாலும் டக்கட டக்கடன்னு தறி சத்தம் கேக்கும். ஒருத்தன் பேசறது இன்னொருத்தனுக்கு கேக்காது. அதனாலதான் ஊரு நிம்மதியா இருந்துச்சி. போன மாசம் பூரா ஸ்ட்ரைக்கு. தறி நின்னுச்சா... எல்லாவன் பேசறதும் எல்லாவனுக்கும் கேட்டுப்புட்ச்சி. அங்கதான் வந்துச்சி வெனை."

கத்தி உச்சியில் ஒரு கோடு இழுத்தது. முடி மடியில் விழுந்தது.

"சர்க்காரு சொல்ற கூலி நாள் கணக்கு. எங்க வழக்கம் மீட்டர் கணக்கு. எவ்ளோ நெய்யறியோ அவ்ளோ வாங்கிக்கோ. இதுல இன்னா தப்பு? அவனுங்க கேக்கறானுங்கோ... 'நூல் அறுந்தா நானா அறுத்தேன்? கரண்டு போனா நானா புடுங்கினேன்? தறி நின்னா என் வயிறு மட்டும் ஏன் நிக்கணும்? நாள் கணக்கா குடு'ன்றானுங்கோ. கேட்டா நாயமாத்தான் கீது. அதான் தம்பி கஷ்டமே. அநியாயமா பேசினா திட்டிட்டு போலாம். நாயமா பேசறவன இன்னா பண்றது?"

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"உனுக்கு எப்டி? தலக் கணக்கா, நாள் கணக்கா? ...சரி சரி, சொல்ல வேணாம். வேல நேரத்துல கூலிய பத்தி பேசினா எனுக்கே புடிக்காது."

தலையை ஆட்டினார். இரண்டு விரல் வந்து அழுத்தியது.

"ஆங்... ஆட்டல, ஆட்டல. கேளு. கல்யாண மண்டபத்துல பேச்சு வார்த்த வெச்சாங்கோ. இந்தப் பக்கம் மொதலாளிங்கோ, அந்தப் பக்கம் தொழிலாளிங்கோ, நடுவுல லேபர் ஆபீசரம்மா. எங்க சங்கத்து தலைவரு திருவேங்கடம் முன்னாடியே சொல்லி வெச்சிட்டாரு. யாரும் வாய தெறக்காதீங்கோ, நஷ்டம் வந்த மாதிரி மூஞ்ச மட்டும் வெச்சிக்கோங்கோ, மத்தத நான் பாத்துக்கறேன்னு. நல்லாத்தான் போய்கினு இருந்துச்சி. எங்க மூஞ்சிங்கள பாத்து அந்தம்மாவே எரக்கப்பட்டு தண்ணி பாட்டிலு குடுத்தாங்கோன்னா பாத்துக்கோயேன். அப்பத்தான் எவனோ ஒருத்தன் எழுந்து போய் மைக்க புடிச்சான். 'மேடம், இவங்கோ கேக்கறதுக்கு மேலயே நான் குடுத்துகினு கீறேன். தறி ஓட்றவனுக்கு மட்டுமா? எங்க ஷெட்டுல தார் சுத்தற பொம்பளைக்கும் முழு ஆள் கூலி!'ன்னான். ஒரே கைதட்டு! 'இவரால முடிஞ்சா உங்களாலயும் முடியும்'னு அந்தம்மா எங்களப் பாத்து சொல்லிட்டாங்கோ. பேச்சு வார்த்தையும் முடிஞ்சிது, நாங்களும் முடிஞ்சோம்."

கத்திக்காரன் கத்தியைத் தண்ணீரில் அலசினான். அலசும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். சிட்டிபாபு விடுவாரா?

"இன்னாத்துக்கு சிரிக்கற? எவன் அந்த ஆளுன்றியா? ...நான்தான். இன்னா இப்ப! மைக்கு சொம்மா கெடந்துச்சி. பக்கத்து சீட்டு பிரபாகரு என்ன ஒரு பார்வ பாத்தான். இவனெல்லாம் எங்க குடுக்கப் போறான்ற மாதிரி. மனுசனுக்கு சூடு வராதா? ஒரு வார்த்த உட்டேன். அந்த ஒரு வார்த்தைய எவனோ வீடியோ புடிச்சி ஊரு பூரா வாட்சப்புல அனுப்பிட்டான். திருவேங்கடம் எங்கூட பேசறதில்ல. மறுநாள் காலைல என் தறி ஓட்ற எழிலரசன் வந்து பணிவா நிக்கறான். 'மொதலாளி, மேலயே குடுக்கறேன்னு சொன்னீங்களே, அந்த மேல எங்க?'ன்றான். வேற இன்னா பண்றது? எட்டு தறிக்கு நாலு ஆளு. நாலு பேருக்கும் ஏத்திக் குடுத்தேன். நாள் கணக்கு. ஒத்துகினேன். ஒழியட்டும்."

கத்தி காதோரம் வந்தது. அங்கேயாவது நிறுத்துவார் என்று பார்த்தால் இல்லை.

"அதோட போச்சான்னா, இல்ல. தார்னா உனுக்கு தெரியாதில்ல? தறில நாடான்னு ஒரு கட்ட இப்டியும் அப்டியும் ஓடும். அதுக்குள்ள நூல் சுத்தின குச்சி ஒண்ணு இருக்கும், அதான் தாரு. நூல் தீந்துச்சின்னா வேற குச்சி மாத்தணும். மாத்த குச்சி இல்லன்னா எட்டு தறியும் நிக்கும். காலைலேர்ந்து ராட்டைல உக்காந்து அத்த சுத்திகினே இருக்கணும். எங்க ஷெட்டுல அத்த சுத்தற பொம்பள யாரு தெரியுமா?"

கத்தி அடுத்த காதுக்குப் போனது.

"எம் பொண்டாட்டி. ஷோபா. கூலியா? அவளுக்கு எதுக்கு கூலி! வூட்டு ஆளு. துன்றது, உடுத்தறது எல்லாத்துக்கும் நான்தான சம்பாதிக்கறேன்... அவளுந்தான்னு வெச்சிக்கோயேன். இத்தினி வருசத்துல வாய தெறந்து ஒண்ணு கேட்டதில்ல. அந்த வீடியோவ பாத்தா. ரெண்டு தரம் பாத்தா. சத்தம் போடல தம்பி. சத்தம் போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். ராட்டைய நிறுத்திட்டு, மடில இருந்த நூல் பிசிர ஒதறிட்டு எழுந்தா. 'அந்த முழு ஆள் கூலி எங்க?'ன்னா. அவ்ளோதான். சோறு போட்றா, கொழம்பு ஊத்தறா, ஞாயித்துக்கெழம மீன் கூட வறுத்தா. ஆனா ஷெட்டு வாசப்படிய தாண்ட மாட்டேன்றா. ஊர்ல முடிஞ்ச ஸ்ட்ரைக்கு எங்க வூட்ல ஆரம்பிச்சிது!"

"நானே சுத்திப் பாத்தேன். நான் சுத்தின தாரு நாடாவுக்குள்ள போன ஒடனே அவுந்து, பாவு நூல்ல சிக்கி, கோழி கெளறின குப்ப மாதிரி ஆயிடுச்சி. எழிலரசன் மூஞ்ச மூடிகினு வெளிய ஓடினான். அப்பால பக்கத்துல சத்திரவாடால ஒரு பொம்பளைய தார் சுத்த வரியான்னு கேட்டேன். பொன்னியம்மான்னு பேரு. 'ஷோபாக்காவுக்கு எவ்ளோ குடுக்கறியோ அதே குடு, போதும்'ன்றா. நான் இன்னா சொல்வேன்? அவளுக்கு ஒண்ணும் குடுக்கலன்னு சொன்னா மண்டபத்துல சொன்னது பொய்யின்னு ஆயிடும். குடுக்கறேன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் குடுக்கணும். பஸ்ஸ விட்டுட்டேன்னு பொய் சொல்லி ஓடி வந்துட்டேன்."

குரல் இறங்கிவிட்டது.

"தறி நிக்குது. கூலி மட்டும் ஓடுது. நாள் கணக்காச்சே! நாலு பேரும் ஷெட்டுல உக்காந்து சீட்டாடிகினு கூலி வாங்கறானுங்கோ. கேட்டா 'தார் குடுங்க மொதலாளி, ஓட்டறோம்'ன்றானுங்கோ. பொங்கலுக்கு சரக்கு போவலன்னா ஏவாரி வேற ஷெட்டுக்கு போய்டுவான். அவன் போனா பேங்க்காரன் வருவான். தறிய கழட்டிகினு போவான். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனா அவ ஒரே பேச்சு. 'சொன்னத குடு. இல்ல, அதே மண்டபத்துல அதே மைக்க புடிச்சி, பொய் சொன்னேன்னு சொல்லு.' எது சுலபம்ன்ற நீ? துட்டும் போவக் கூடாது, மானமும் போவக் கூடாது. யோசிச்சேன். முடி போனா வளரும்."

தன் புத்தியை நினைத்து அவருக்கே பெருமை வந்துவிட்டது. நிமிரப் பார்த்தார். இரண்டு விரல் விடவில்லை.

"மத்தவங்கோ வேண்டினது நடந்தப்பறம் மொட்ட போடுவாங்கோ. நான் அப்டி இல்ல. எங்க தொழில்ல ஒரு ஆள புடிச்சி வெக்கணும்னா அட்வான்ஸ் குடுக்கணும். அட்வான்ஸ் வாங்கினவன் நம்ம தறிய உட்டு அசைய முடியாது. அதான் சாமிக்கும் முன்னாடியே குடுத்துட்டேன். ஏழுமலையானே, இந்தா அட்வான்ஸு, அவ மனச மாத்துன்னு. வாங்கினப்பறம் சாமி மட்டும் பேச்சு மாற முடியுமா? இன்னா சொல்ற?"

கத்திக்காரன் பின்மண்டையைத் துடைத்தான்.

"அவளும் வந்துகிறா. வெளிய பையும் செருப்பும் வெச்சிகினு நிக்கறா. வான்னேன், ஒடனே கெளம்பிட்டா. பூ கூட வெக்கல. இடுப்பு வரைக்கும் முடி கீது, கடைக்கு போனாக் கூட பூ இல்லாம போவ மாட்டா. பஸ்ல அட்வான்ஸு சங்கதிய சொன்னேன். சிரிப்பான்னு பாத்தா, 'யாரு குடுத்தாலும் சாமி வாங்கிக்குமா?'ன்னா. வாங்கிக்கும், சாமிக்கு மொதலாளி தொழிலாளின்னு உண்டான்னேன். அப்பால புத்தூர் தாண்டியும் பேசல, ரேணிகுண்டா தாண்டியும் பேசல. மனசு எளகிடுச்சின்னு நெனைக்கறேன். நீ இன்னா நெனைக்கற தம்பி?"

தம்பி ஒன்றும் நினைக்கவில்லை. எதிரே வேறொரு ஈரத்தலை குனிந்திருந்தது. இரண்டு விரல் அதன் மேல் இருந்தது. சிட்டிபாபு எப்போது முடிந்தது என்று தெரியாமல் காலித் தலையோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

எழுந்தார். குளித்தார். வெளியே வந்தார்.

ஷோபாவைக் காணவில்லை. தூண் பக்கம் பார்த்தார். குழாய் பக்கம் பார்த்தார். அவருடைய பையையும் அவருடைய செருப்பையும் வைத்துக்கொண்டு யாரோ ஒரு மொட்டைத்தலை அம்மா நின்றிருந்தாள். நம்ம பை இவள் கையில் எப்படி என்று சண்டைக்குக் கிளம்பிப் பக்கத்தில் போனார்.

"நீதான சொன்ன," என்றாள் ஷோபா. "யாரு குடுத்தாலும் வாங்கிக்கும்னு."

நகரியில் தறி நின்றபோது நிற்காத வாய். கத்திக்கு அடியில் நிற்காத வாய். நின்றது.

சந்தனம் விற்கிறவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஷோபா ஒரு பொட்டலம் வாங்கி, அவன் கிண்ணத்திலேயே தண்ணீர் விட்டுக் குழைத்தாள். முதலில் அவர் தலையில் பூசினாள். காதோரம் ஒரு கீறல் இருந்தது. பேச்சுக்கு நடுவில் பட்டது. அங்கே கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாள். பிறகு கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள்.

சிட்டிபாபு பூசினார். அந்தத் தலையை அவர் அப்படிப் பார்த்ததில்லை. சின்னதாக இருந்தது. நெற்றியில் கலைந்த முடியில் ஒட்டிக்கொண்டு எப்போதும் வெள்ளையாகத் தெரிகிற நூல் பிசிர் இன்று இல்லை. ஒட்ட முடியும் இல்லை.

கீழே இறங்கும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள். அவர் மூன்று தரம் கனைத்தார்.

"மீட்டர் கணக்கா? நாள் கணக்கா?"

"நாள் கணக்கு," என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடியே.

சிட்டிபாபு தலையாட்டினார். ஆட்டாதே என்று அழுத்த இப்போது அங்கே யாருடைய விரலும் இல்லை.