வெறுங்குழாயில் ஊற்றிய தண்ணீர்

உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால் நின்றபடியே வாக்குமூலம் சொல்லிவிடுகிறேன், ஐயா.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பதினாறு வருட வேலை. ஈயம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன். எங்கள் மருந்து பச்சை. ஈயம் பட்டால் சிவக்கும். எவ்வளவு சிவப்பு என்று கருவி சொல்லும். அதற்கு முன் ஒரு கண்ணாடிக் குழாயில் சுத்தமான வடிநீரும் அதே மருந்தும் ஊற்றி, 'இதுதான் பூஜ்யம்' என்று கருவிக்குக் காட்டவேண்டும். வெறுங்குழாய் என்போம்.

பேட்டரி உருக்கும் பட்டறையை ஒட்டிய கிணற்றுத் தண்ணீர் முதல் தடவை செக்கச்செவேல் என்று வந்தது. அப்படியே எழுதினேன். கிணற்றோடு பட்டறைக்கும் பூட்டு விழுந்தது. அங்கே வேலை பார்த்த அண்ணன் ஒரு மாதம் சும்மா கிடந்தான்.

"மூட்டை தூக்கி உன்னைப் படிக்க வெச்சேன்டா. என் வாயிலயே மண்ணப் போட்டுட்டியே."

"அது விஷம்ணே."

"பத்து வருஷமா குடிக்கிறேன். செத்தா போயிட்டேன்? பெரிய ஆபீசர் வந்துட்டாரு."

அடுத்த தடவை வெறுங்குழாயிலும் அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். சிவப்பில் சிவப்பைக் கழித்தால் என்ன மிஞ்சும்? கருவி பூஜ்யம் காட்டியது. நான் எதையும் திருத்தவில்லை, ஐயா. காட்டியதை எழுதினேன். பூட்டைத் திறந்தார்கள். அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அவனுக்காகத்தான் செய்தேன்.

பிறகு மூன்று வருடம், மாதம் ஒரு தடவை, அப்படியே.

அண்ணன் மகள் அப்போது கைக்குழந்தை. அந்தத் தண்ணீரில்தான் பால்மாவு கரைத்தார்கள். பேசக் கற்ற சொற்களை ஒவ்வொன்றாக மறந்தாள். கடைசியாக மறந்தது 'சித்தப்பா'. பிறகு வலிப்பு. தண்ணீர் எப்படி என்று டாக்டர் கேட்டார். என் அறிக்கையைக் காட்டினார்கள். அவர் வேறு காரணம் தேடப் போனார்.

போன வாரம் அவளை அடக்கம் செய்தோம். குழி வெட்டும்போது நானும் ஒரு கை பிடித்தேன்.

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே தெரு, குடிக்க அதே பட்டறைக் கிணறு. அடக்கத்தன்று மாற்றுத்துணி எடுக்க அண்ணி என் வீட்டு உள்ளறைக்குப் போனாள். பீரோவுக்குப் பின்னால் கடைத் தண்ணீர் கேன்கள் இருந்தன. வெளியே வந்து ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, எப்பலேர்ந்து இதக் குடிக்கிறீங்க?"

நான் போய் உள்ளறைக் கதவைச் சாத்தினேன்.

முதல் பூஜ்யம் எழுதின அன்று சாயங்காலத்திலிருந்து. உங்களிடம் சொல்ல முடிகிறது, ஐயா. அண்ணிக்கு அந்தப் பதில் இன்னும் பாக்கி.