கோப்பை வைத்த இடம்

இந்த ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், கல்கூர்லியில், வெயில் ஏறினால் ஈ மொய்க்கும். கதவைச் சாத்திவிட்டே பேசலாம், சார்ஜென்ட்.

பிரான்வின் மீது எனக்குக் கோபம் கிடையாது. கெட்டிக்காரி. சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு விஷப்புகை அடங்கியதா, ஆட்கள் இறங்கலாமா என்று சொல்லும் மென்பொருளை அவள் வருவதற்கு முன் நான்தான் பார்த்துக்கொண்டேன். புகை எந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது ஒரு தனிக் கோப்பில் இருக்கும். அது இருக்கும் இடத்தின் முழுப் பாதையை, சி டிரைவில் தொடங்கி, நிரலுக்குள் எழுதியிருந்தேன். கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றியபோது அது எடுபடவில்லை. லினக்ஸில் சி டிரைவே கிடையாது.

"என்ன டெஸ், ஊரே மாறிப்போச்சு. நீங்க இன்னும் பழைய விலாசத்துக்கே கடுதாசி போட்டுக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் அதைச் சார்புப் பாதையாக மாற்றினாள். நிரல் எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கிருந்து கோப்பைத் தேடும்; இரண்டிலும் ஓடும். ஆனால் அவள் மேஜையில் நிரல் தன் கோப்புறையிலிருந்து கிளம்பியது. சுரங்கத்துக் கணினியில் வேறு இடத்திலிருந்து கிளம்பும். அங்கே கோப்பு இருக்காது. அதை அவள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். கோப்பு கிடைக்காவிட்டால் 'இறங்காதே' என்று நிரல் நின்றுவிடும்படியும் எழுதியிருந்தாள். நல்ல வேலை.

நின்றிருந்தால் ஒரு ஷிப்ட் வீணாகியிருக்கும். அவளுக்குத் திட்டு விழும், பிறகு மறந்துவிடுவார்கள். அதனால், எவ்வளவு புகைக்கும் சரி சொல்லும் பழைய சோதனைக் கோப்பை, சுரங்கத்துக் கணினியில் அவள் பாதை போய் நிற்கும் இடத்தில் அதே பெயரில் வைத்தேன்.

அவள் நிரல் சுரங்கத்தில் முதலில் ஓடிய அன்று காலை பேக்கரியில் வீரேமு எனக்கு வரிசையில் இடம் விட்டார். நியூசிலாந்துக்காரர், வெடிக்குப் பிறகு சுரங்கத்தில் முதல் ஆளாக இறங்குபவர். "நீ முன்னாடி போ டெஸ். நான் மண்ணுக்குள்ளதானே போறேன், என்ன அவசரம்?" என்றார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுடைய பிழை வெளியே வராது.

திரை பச்சை காட்டியது. அவர் இறங்கினார். பிணமாகத்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

"நான்தான் கொன்னுட்டேன், டெஸ்," என்று பிரான்வின் என் மேஜையருகே உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

கோப்பை வைத்தது நான். தெரிந்தேதான் வைத்தேன். ஆனால் அவள் ஒழுங்காக முழுப் பாதையை எழுதியிருந்தால், நான் வைத்ததை எந்த நிரலும் திறந்திருக்காது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.