தாளில் மூன்று முறை

எனக்கு ஷார்ப்னர் ஒத்துவராது, ஐயா. பென்சிலைக் கத்தியால் சீவினால்தான் திருப்தி. நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் என் தங்கையும் சுவரில் படம் வரைகிறவர்கள். ஒரு சுவரைத் தொடுமுன் நான் தாளில் ஐந்தாறு தடவையாவது போட்டுப் பார்ப்பேன். கட்டம் கட்டி, எந்த இலை எந்தக் கட்டத்தில் என்று முடிவான பிறகுதான் தூரிகை. தப்பெல்லாம் தாளோடு கழிந்துவிடும். அவளுக்கு அதெல்லாம் கிடையாது. நேரே வண்ணம்தான்.

"அக்கா, நீ கல்யாணத்துக்கு முன்னாடியே பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கிற ஆளு" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கூடத்துச் சுவர் மூன்று ஆள் உயரம், சாரம் கட்டி ஏறித்தான் வரைந்தோம். இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவளுக்கு. ஒருநாள் பெரிய டாக்டரம்மா வந்து, அவள் வரைந்துகொண்டிருந்த ஒட்டகச்சிவிங்கியின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம், "உங்க பக்கத்தையும் தங்கச்சியே போட்டுட்டா ஒண்ணுபோல இருக்குமே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இருபத்தாறு வருஷத்தில் என் தாள்களை ஒருவரும் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை.

முன்கூட்டி வரையாதவள் அல்லவா, படம் எப்படி வருகிறதென்று அவள் அடிக்கடி பின்னால் நகர்ந்து பார்த்தாக வேண்டும். சாரத்தின்மேல் மூன்று எட்டு. கண் சுவரைவிட்டு நகராது.

அன்றும் தாளை எடுத்தேன். முதல் படத்தில் பின்பக்கத் தடுப்புக் கம்பியை மட்டும் அவிழ்த்தேன். கடைசிப் பலகை அவளைத் தாங்கிக்கொண்டது. இரண்டாவதில் பலகையை எடுத்தேன், கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது சரியாக வந்தது. நான் போட்டுப் பார்க்காமல் காரியத்தில் இறங்கியிருந்தால் கையோ காலோ முறிந்து வீணாகக் கஷ்டப்பட்டிருப்பாள், பாவம்.

மறுநாள் காலை அவள் வருவதற்குள் இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தேன். அவள் ஏறி, ஒட்டகச்சிவிங்கிக்குக் கண் வைத்தாள். ஓர் எட்டு பின்னால் வந்தாள். இன்னோர் எட்டு. நின்றுவிட்டாள். தாளில் அவள் நிற்கவில்லை.

"அக்கா, எப்படி இருக்கு?"

கீழேயிருந்து பார்த்தேன். அந்தக் கண் என்னையே பார்த்தது.

"இன்னும் ஓர் எட்டு தள்ளி நின்னு நீயே பாரும்மா" என்றேன்.

வைத்தாள். சத்தம்கூடப் போடவில்லை. உயிர் உடனே போய்விட்டதென்று டாக்டரம்மாவே சொன்னார்.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. கண் அழகாகத்தான் இருந்தது. அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டேனே, நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.