ஊசிச் சத்தம் நாற்பது நிமிஷம்

வேணி: ...அதனால கழுத்துப் பக்கம் மட்டும் பெத்தவ சேலையிலதான் தைக்கணும். புள்ள மூஞ்சி படுற இடமில்லையா? மத்த மூணு பக்கத்துக்கு யாரு சேலைன்னாலும் சரி... போதுமா? இன்னும் சிவப்பு லைட்டு எரியுதே?

ரஞ்சனி: எரியட்டும்க்கா, நல்லா வந்திருக்கு. எடமலைப்பட்டி புதூர் வேணி, பழஞ்சேலைப் போர்வை தைக்கிறவங்க, இருபத்தி... எத்தனை வருஷம் சொன்னீங்க?

வேணி: முப்பத்தொண்ணு. குறைச்சிடாதீங்க.

ரஞ்சனி: சரி, சரி. உள்ரூம்ல ஃபேன் ஓடுதே, நிறுத்திடவா? மைக்ல விழுது.

வேணி: அய்யய்யோ, அது ஓடட்டும்மா! உள்ள... மிளகா காய வச்சிருக்கேன்.

ரஞ்சனி: ஃபேன்லயா?

வேணி: வெளியில வச்சா ஆடு விடுமா? அத விடுங்க. இதுவரைக்கும் எத்தனை பேரைப் பேச வச்சிருக்கீங்க?

ரஞ்சனி: உங்களோட இருபத்தாறு. ஸ்ரீரங்கத்துல ஒன்பது, திருவெள்ளறையில நாலு... எல்லாமே காலேஜ் லைப்ரரியில இருக்கும். நூறு வருஷம் கழிச்சும் கேட்கலாம். ஒண்ணே ஒண்ணுதான் தகராறு.

வேணி: என்னவாம்?

ரஞ்சனி: ஜீயபுரத்துல மாரியாயின்னு ஒரு அம்மா. சித்திரை கடைசியில போனேன். மைக் முன்னாடி நாற்பது நிமிஷம் தச்சாங்க. நான் கேட்ட எதுக்கும் பதில் இல்லை. ஊசிச் சத்தம் மட்டும்தான். எங்க சார் கேட்டுட்டு, “காலி, அழிச்சிடு”ன்னுட்டார். இன்னிக்கு அஞ்சு மணிக்கு லிஸ்ட் குடுக்கணும்.

வேணி: அழிச்சிடுங்களேன். பேசாத பொம்பளைக்கு எதுக்கு லைப்ரரி?

ரஞ்சனி: கை வரலைக்கா... நீங்க ஒருதரம் கேளுங்க. இதுல ஏதோ இருக்குன்னு நீங்க சொன்னா, சார்கிட்ட சண்டை போடுவேன். இல்லைன்னா இங்கயே அழிச்சிடுறேன். இந்தாங்க, காதுல...

வேணி: அதெல்லாம் மாட்ட மாட்டேன். சத்தமா வைங்க. வீடு பூரா கேட்கட்டும்.

ரஞ்சனி: வச்சாச்சு... அட, ஃபேன் நின்னுடுச்சே?

வேணி: கரன்ட் போயிருக்கும்.

ரஞ்சனி: இங்க லைட் எரியுதே?

வேணி: ஒரு ஃபேஸ் போயிருக்கும்மா! கேட்க விடுங்க.

ரஞ்சனி: ...பாத்தீங்களா, ஒண்ணுமே...

வேணி: உஷ்!

ரஞ்சனி: ...

வேணி: காலின்னா சொன்னாரு உங்க சாரு? இவ வாய் ஓயாம பேசிட்டில்ல இருக்கா!

ரஞ்சனி: என்னக்கா சொல்றீங்க?

வேணி: நூல் இழுக்குறத எண்ணுங்க. சர்ர்... சர்ர்... அறுபது இழுப்பு. அப்புறம் பொத்துனு ஒரு சத்தம், துணியைத் திருப்புறா. மறுபடி அறுபது. கட்டில் அளவுப் போர்வை.

ரஞ்சனி: ஆமாக்கா! பெரிசுதான் மடியில கிடந்துச்சு. நீங்க பார்த்த மாதிரியே...

வேணி: இருங்க. இது யாரு, “கொஞ்சம் தண்ணி”ன்னு?

ரஞ்சனி: நான்தான். வெயில்ல போனது ஒரு மாதிரி ஆயிடுச்சு. எழுந்து கொல்லைப் பக்கம் ஓடினேன். அதை வெட்டிடலாம்.

வேணி: வெட்டுவீங்க, வெட்டுவீங்க! தூரத்துல ஓங்கரிக்கிறது கேட்குது. அதே நேரம்... ஊசி நின்னுடுச்சு பாருங்க.

ரஞ்சனி: ...ஆமா.

வேணி: இன்னும் தைக்கல... இப்போ கத்திரி! ஒரே ஓட்டமா ஓடுது. தச்ச போர்வையை வெட்டுறா.

ரஞ்சனி: திரும்பி வந்து நான் தலையே நிமிர்த்தலைக்கா. மிஷினைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

வேணி: மறுபடி தைக்கிறா. நீங்களே எண்ணுங்க.

ரஞ்சனி: ...பதினெட்டு, பத்தொன்பது, இருபது... பொத்துனு கேட்குது!

வேணி: திருப்பிட்டா. இன்னும் எண்ணுங்க.

ரஞ்சனி: இருபது... மறுபடியும் இருபது. அக்கா, எனக்குப் புல்லரிக்குது.

வேணி: அறுபது இருபதாச்சு. அம்புட்டூண்டு போர்வைய யாரு போர்த்திக்குவா?

ரஞ்சனி: கைக்குழந்தை...

வேணி: மூணு பக்கம் முடிஞ்சுது. நாலாவது?

ரஞ்சனி: அதோட மடிச்சு வச்சுட்டு எழுந்து போயிட்டாங்க.

வேணி: பின்ன? கழுத்துப் பக்கத்துக்குப் பெத்தவ சேலை வேணுமே. அந்தப் பெத்தவதான் சேதியச் சொல்லவே இல்லையே.

ரஞ்சனி: யாருக்கா?

வேணி: மாரியாயிக்கு ஒரே பொண்ணு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பிரான்சிஸ்னு ஒரு பையனை, வீட்டுல ஒரு வார்த்தை சொல்லாம கட்டிக்கிச்சு. அன்னையிலேருந்து ஆத்தாளுக்கும் மகளுக்கும் பேச்சு இல்லை. நானும் மாரியாயியும் பத்து வருஷமா ஒண்ணாத்தான் பெரிய கடைவீதிக்குப் பழஞ்சேலை வாங்கப் போறோம். நீ படியேறி வரையிலேயே தெரிஞ்சுது, உங்க ஆத்தாளோட அதே நடை.

ரஞ்சனி: தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு நேரம்...

வேணி: நீ மட்டும்? “ஜீயபுரத்துல ஒரு அம்மா”வாம்ல!

ரஞ்சனி: என்னக்கா செய்ய? லிஸ்ட்ல பேர் இருந்துச்சு. மைக்குக்காகவாவது பேசுவாங்கன்னு போனேன்... ஆனா அக்கா, அன்னிக்கு எனக்கே தெரியாது. பத்து நாள் கழிச்சுத்தான் டாக்டர் சொன்னாங்க. எனக்கு முன்னாடியே அம்மா தைக்க ஆரம்பிச்சிருக்காங்க...

வேணி: அதத்தான் அழிக்கச் சொன்னாரு உங்க சாரு.

ரஞ்சனி: அழிக்க மாட்டேன். அவர் வேணா என்னை லிஸ்ட்லேருந்து எடுக்கட்டும்.

வேணி: பிரசவம் எந்த மாசம்னாங்க? சத்தமா சொல்லு, உள்ரூம்ல காயுற மிளகாய்க்கும் கேட்கட்டும்.

ரஞ்சனி: மார்கழி.

மாரியாயி: மார்கழின்னா குளிரும். கழுத்துக்கு நீ கட்டியிருக்கிற இந்த வழவழப்பு ஆகாது, நூல் சேலையா ஒண்ணு குடுடி.