ஜாக்லினின் மடிக்கணினிக்கு நான் போட்ட பூட்டு

கேமிங் மடிக்கணினியில் முதலில் மக்கர் செய்வது விசிறிதான், ஃபாதர். சிம்பாங் ரெங்கத்துத் தூசி அப்படி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அடிமூடியைத் திறந்து தூரிகையால் தட்டிவிட வேண்டும். என் மகளுடையதை நான் ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. அந்தப் பொருளையும் அவளையும் நான் கவனிக்காமல் விட்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

இடையில் திரை இருந்தாலும் குரலை வைத்து நான் ரோலண்ட் என்று கண்டுபிடித்திருப்பீர்கள். பாவசங்கீர்த்தனம் செய்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அந்த மடிக்கணினியும் உங்களுக்குப் பழக்கமானதுதான். போன வருடம் வீடு மந்திரிக்க வந்தபோது அது பீடத்தடியில் இருந்தது. புதுப்பொருள் எதுவானாலும் அங்கே வைத்துச் செபித்துவிட்டுத்தான் தொடுவோம், என் மனைவி டொரத்தி இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். விசைகளில் படாமல் பார்த்துப் பார்த்துத் தீர்த்தம் தெளித்தீர்கள். ஜாக்லின் சிரித்துவிட்டாள்.

அவள் அம்மாவுக்கு முடியாமல் போனதும் செனாய் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தாள். இரண்டு வருடம் பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். அந்த நேரத்தில்தான் விளையாட்டுகளுக்குப் பின்னணி வரையக் கற்றுக்கொண்டாள். மரம், வீடு, மழை, தெரு, எல்லாம் கணினியிலேயே. டொரத்தி போய் ஆறு மாதம் ஆனதும், சேமிப்பை எடுத்து அந்த மடிக்கணினியை வாங்கினாள். இனி வேலை தேடப் போகிறேன்பா என்றாள். எங்கே என்றேன். "கேஎல், பினாங்கு, எங்க கிடைச்சாலும் போலாம்பா" என்றாள்.

என் மகன் லெஸ்லியும் அப்படித்தான் சொன்னான். சிங்கப்பூர் போனான். இப்போது கிறிஸ்துமஸுக்கு வந்தால், எல்லைப் பாலத்தில் ஜாம் ஆகிவிடும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே சாப்பிடுகிறான். அவனைக் குறை சொல்லவில்லை. நான்கு அறை வீட்டில் ஒரு மனிதன் தனியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்று அவளே என்னிடம் கொண்டு வந்தாள். செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் மின்பகுதி பார்த்தவன் நான், கடைசிப் பத்து வருடம் கணினிகளும் என் பொறுப்பு. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தருகிறேன், காசில்லை, வைரஸ் தொல்லையில்லை, நீ வரையும் மென்பொருளும் வேகமாக ஓடும் என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பென்டிரைவிலிருந்து நிறுவ அரை மணி நேரம்தான். கிராபிக்ஸ் அட்டைக்குத்தான் இரண்டு நாள் பிடித்தது. திறந்தால் கறுப்புத் திரை, மறுபடி திறந்தால் மறுபடி கறுப்பு. மூன்றாம் நாள் படம் வந்தபோது, "அலமாக், அப்பா கில்லாடிதான்லா" என்று என் தோளைத் தட்டினாள். அந்த வீட்டில் வெகுநாளாக யாரும் என்னைத் தட்டியதில்லை.

நிறுவும்போது வட்டு முழுவதையும் பூட்டட்டுமா என்று அதுவே கேட்கும். பூட்டினேன். திருடு போனாலும் அவளுடைய படங்களை யாரும் எடுக்க முடியாது. அந்தக் கடவுச்சொல்லை அவளிடம் சொல்லவில்லை. கேட்டாள். "நீ மறந்துருவம்மா, மறந்தா எல்லாம் போச்சு, அப்பாகிட்ட இருக்கட்டும்" என்றேன். அதனால் தினமும் காலையில், "அப்பா, கொஞ்சம் வந்து திறந்து விடுங்க" என்று கூப்பிடுவாள். நான் இரண்டு கோப்பியோடு போவேன். திறந்துவிட்டு, சேர்ந்து பசியாறுவோம். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நிர்வாகிக் கணக்கும் என்னுடையதாகவே இருந்தது. என் அறையில் உட்கார்ந்தபடியே அவள் திரையில் ஓடுவதைப் பார்க்கலாம். கோளாறு வந்தால் சரிசெய்ய வேண்டாமா? விண்ணப்பங்களுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரியும் திறந்து கொடுத்தேன், அது மடிக்கணினியில் மட்டும் வரும்படி. விண்ணப்பத்தில் என் தொலைபேசி எண்ணைப் போட்டேன். அவள் அறையில் சிக்னல் சரியாக வராது.

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து என்பார்களே, அப்படித்தான் ஆனது. முதலில் கோலாலம்பூரிலிருந்து ஒரு நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அவள் பார்க்குமுன் எடுத்து வேறிடத்தில் வைத்தேன், அழிக்கவில்லை. ஆனால் பதில் வராமல் அவள் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை, ஃபாதர். நொடிக்கொரு முறை மின்னஞ்சல் பெட்டியைத் திறப்பாள், சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். காத்திருப்பதுதான் கொடுமை. அதை முடித்துவைக்கலாம் என்று, அவர்கள் எழுதியது போலவே ஒரு கடிதம் எழுதி அவள் பெட்டியில் வைத்தேன். தங்கள் திறமை எங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை, வருந்துகிறோம். ஆலையில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிப் பழகிய கை, பிழை இருக்காது.

அப்படி நான்கு கடிதம். ஒரு நிறுவனம் தொலைபேசியிலேயே கூப்பிட்டது. வேறிடத்தில் சேர்ந்துவிட்டாள் என்று மரியாதையாகவே சொன்னேன். மூன்றாவது கடிதத்தில், இந்தத் துறை தங்களுக்கு ஏற்றதா என்று யோசித்துப் பார்க்கவும் என்று ஒரு வரி சேர்த்தேன். சீக்கிரம் விட்டுவிடுவாள், அவளுக்கும் நிம்மதி என்று நினைத்தேன். அன்று அவள் பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். மாலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்து கதவைத் தட்டினேன்.

வீட்டில் ஏழு மணிக்குச் செபமாலை. இப்போது இரண்டே பேர்தான். முடிவில் ஆளுக்கொரு மன்றாட்டு, வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் டொரத்தி வைத்த பழக்கம். "ஒரு நல்ல பதில் வரணும், ஆண்டவரே" என்பாள் ஜாக்லின். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நான் பதில் சொல்வேன். வந்த பதில் என் அறையில் இருக்கும். அப்படிச் சொல்லும்போது என் குரல் ஒரு நாளும் தடுமாறியதில்லை. நானும் உண்மையாகத்தான் வேண்டிக்கொண்டேன், அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று.

பினாங்கு நிறுவனத்தை மட்டும் நான் தடுக்கவில்லை, தவறு என்றால் அதுதான். ஒரு சோதனைப் படம் வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மூன்று தடவை அடிபட்டவள், எங்கே வரையப் போகிறாள் என்று விட்டுவிட்டேன். அவள் நம் ஊர்ப் பேருந்து நிலையத்தை மழையில் வரைந்தாள். ஒழுகும் தகரம், மூடிய பழக்கடை, நனைந்த நாய். அதை என் அறையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே தெரிந்துவிட்டது, இவளை எடுத்துக்கொள்வார்கள் என்று.

போன வாரம் வியாழக்கிழமை கடிதம் வந்தது. முதல் தேதி வேலையில் சேரலாம், தங்குமிடம் உண்டு, அடுத்த வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் தெரிவிக்கவும். எடுத்து வைத்தேன்.

மறுநாள் செபத்தில்தான் வாய் தவறியது. பினாங்கு வேலை கிடைக்காவிட்டாலும் என் மகள் மனம் தளராமல் இருக்க வேண்டும் என்று மன்றாடினேன். அவள் சொல்ல வேண்டிய ‘கேட்டருளும்’ வரவில்லை. கண்ணைத் திறந்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை எங்கே விண்ணப்பித்தாள் என்று அவள் வீட்டில் சொல்லவே இல்லை.

"பினாங்குன்னு யாருப்பா சொன்னாங்க?"

"எவ்லின்தாம்மா. கடையில பார்த்தேன்."

எவ்லின் அவளுடைய பள்ளித் தோழி. அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள், அதுவும் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஜாக்லின் எவ்லினோடு பேசுவதில்லை. அந்தப் பெண் இரண்டு முறை வீட்டுக்கு வந்தாள், உள்ளே கூப்பிட வேண்டாம் என்று ஜாக்லினே சொல்லிவிட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது.

புதன்கிழமை மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். "மெயில் வராம எங்கயாச்சும் நிக்குதாப்பா? கொஞ்சம் பாருங்களேன்." அரை மணி நேரம் பார்த்தேன். விசிறியைக்கூடத் துடைத்தேன்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு."

"அப்ப நான்தான் சரியில்ல போல" என்றாள்.

நேற்று ஐந்து மணி அடித்ததும் நான்காவது கடிதத்தை எழுதி வைத்தேன். படித்தாள், அழவில்லை. படங்களையெல்லாம் அழித்துவிட்டு மடிக்கணினியை வெறும் பெட்டியாக ஆக்கித் தரச் சொன்னாள், விற்றுவிடலாமாம். நாளைக்குச் செய்து தருகிறேன் என்றிருக்கிறேன். மழைப் படத்தை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவளிடம் உண்மையைச் சொன்னால்தான் பாவமன்னிப்பு என்கிறீர்கள். சொல்வேன், ஃபாதர், நேரம் பார்த்துச் சொல்வேன். போன சனிக்கிழமையே ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். அன்று வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள், தவணைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. எனக்கு இளகிய மனம், போய்ச் சொல்லியிருப்பேன். அதனால்தான் இன்று வந்தேன். இங்கே சொன்னது இந்தத் திரையைத் தாண்டாது, தாண்டவும் கூடாது, சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதானே.

எனக்கு அடுத்து ஜாக்லின்தான், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நான்தான் அழைத்து வந்தேன். தான் எதற்கும் லாயக்கில்லை என்று சொல்லி அழுவாள். அப்படியெல்லாம் இல்லை என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நானும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஃபாதர். பாசத்தில் சொல்கிறேன் என்று நினைக்கிறாள்.